புதிதாக வார்டில் சேர்ந்திருக்கிறேன்: 8 நோயாளிகள், நேரம் போதவில்லை, இரவில் டாக்டரை எப்போது கூப்பிடுவது?

புதுச்சீருடை (கேள்வி)

வணக்கம். நர்சிங் முடித்து, பதிவும் வாங்கி, மெடிக்கல் வார்டில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. கூடவே நின்று சொல்லிக்கொடுத்த சீனியர் அடுத்த வாரம் முதல் வேறு ஷிஃப்ட். அதன்பின் 8 நோயாளிகளும் என் பொறுப்பு.

படித்தது நினைவில் இருக்கிறது, வேலையின் வரிசைதான் பிடிபடவில்லை. ஹேண்ட்ஓவர் (போன ஷிஃப்ட்டிடமிருந்து பொறுப்பு வாங்குவது) முடிந்ததும் எதில் தொடங்குவது? மருந்துச் சுற்று இழுத்துக்கொண்டே போகிறது. நோட்ஸ் எழுத ஷிஃப்ட் முடிந்த பிறகு உட்கார வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் இரவில் டாக்டருக்குப் போன் போடுவதுதான். "ஆள் ஒரு மாதிரி இருக்கிறார்" என்றால் "என்ன மாதிரி?" என்று கேட்கிறார்கள், எனக்குப் பதில் வருவதில்லை. அனுபவமுள்ள அக்கா, அண்ணன்மார் விவரமாகச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி

முதலில் ஒரு தாள். ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் கிடைக்கும். ஆளுக்கு ஒரு கட்டம். மேலே படுக்கை எண், பெயர், வயது, நோய். அலர்ஜி இருந்தால் அதை மட்டும் சிவப்பு மையில். நடுவில் அந்த ஷிஃப்ட்டின் வேலைகளை நேரத்தோடு எழுதுங்கள்: "10 ஆன்டிபயாட்டிக்", "12 சுகர்", "14 ஸ்கேன், வெறும் வயிறு". ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னச் சதுரம். மருந்தை எடுத்து வைத்ததும் சதுரத்தில் ஒரு கோடு. கொடுத்து, சார்ட்டில் கையெழுத்தும் போட்ட பிறகே குறுக்கே இரண்டாவது கோடு. ஒரே மருந்து இரண்டு முறை போவதும், கொடுத்ததாக நினைத்து விட்டுப்போவதும் பாதியில் நின்ற வேலையில்தான் நடக்கும். கோடு ஒன்றா இரண்டா என்று பார்த்தாலே எங்கே விட்டீர்கள் என்று தெரிந்துவிடும். தாளில் நோயாளிகளின் விவரம் இருப்பதால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஷிஃப்ட் முடிந்ததும் கிழித்து அழித்துவிட வேண்டும்.

ஹேண்ட்ஓவரை முடிந்தவரை படுக்கையருகே வாங்குங்கள். டிரிப்பில் எவ்வளவு மிச்சம், பம்பில் என்ன எண் ஓடுகிறது, யூரின் பையில் எவ்வளவு என்று போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து பாருங்கள். "போன ஷிஃப்ட்டில் என்ன மாறியது, என்ன பாக்கி, இவரிடம் எதைக் கவனிக்க வேண்டும்" என்ற மூன்றையும் கேட்காமல் அவரை அனுப்பாதீர்கள்.

பிறகு மருந்து டிராலியைத் தொடாமல், வெறுங்கையோடு ஒரு சுற்று. ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். பெயரைக் கேளுங்கள். முழு வாக்கியமாகப் பதில் சொன்னால் மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது என்று உடனே தெரியும். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அங்கேயே நில்லுங்கள். கையைத் தொடுங்கள், சில்லென்று வியர்த்திருக்கிறதா என்று. ஆக்சிஜன் போகிறவரிடம் குழாயைக் கண்ணால் தொடர்ந்துபோய்ச் சுவர் வரை பாருங்கள். பக்கத்திலேயே மருத்துவக் காற்றின் மீட்டரும் இருக்கும் வார்டுகளில் குழாயை அதில் மாற்றிச் செருகிவிடும் தவறு நடக்கிறது. சிலிண்டராக இருந்தால் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா, சளி உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா என்பதையும் அதே நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

வரிசை அங்கேயே அமைந்துவிடும். மூச்சுத் திணறல், நினைவு மாற்றம், ரத்தப்போக்கு, சுகர் இறக்கம் முதலில். அடுத்தது நேரம் தவறக்கூடாத மருந்துகள். அதன்பின் மற்ற மருந்துகள், டிரஸ்ஸிங். குளிப்பாட்டுவதும் படுக்கை மாற்றுவதும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் யாருக்கும் ஆபத்தில்லை. மணி அடித்துக்கொண்டே இருப்பவரைவிட, காலையிலிருந்து ஒன்றுமே கேட்காமல் சுருண்டு படுத்திருப்பவரை முதலில் போய்ப் பாருங்கள்.

இரவுவிளக்கு

டாக்டருக்குப் போன் போடுவது பற்றி. "ஒரு மாதிரி இருக்கிறார்" என்ற உணர்வை ஒதுக்காதீர்கள். அதை எண்ணாக மாற்றத் தெரிந்தால் போதும்.

மூச்சிலிருந்து தொடங்குங்கள். உடல் மோசமாகும்போது பல சமயம் முதலில் மாறுவது மூச்சின் வேகம்தான், பல சார்ட்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு 18, 20 என்று நிரப்பப்படுவதும் அதுதான். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டில் விரலை வைத்தபடியே இருந்துகொண்டு, போர்வை ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவரை அறியாமலே வேகத்தை மாற்றிவிடுவார். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலே கணக்கில் 4 மாறிவிடும்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய "நியூஸ் 2" என்ற மதிப்பெண் முறை பல நாடுகளில் புழங்குகிறது. உங்கள் வார்டில் வேறு சார்ட் இருந்தால் அதையே பின்பற்றுங்கள், அடிப்படை ஒன்றுதான். ஓர் உதாரணம்: மூச்சு நிமிடத்துக்கு 24, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 94 சதவீதம், ஆக்சிஜன் 2 லிட்டர் போகிறது, பிபி 104/62, பல்ஸ் 112, காய்ச்சல் 38.4 செல்சியஸ், நினைவு தெளிவு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. மதிப்பெண் போட்டால் மூச்சுக்கு 2, சாச்சுரேஷனுக்கு 1, ஆக்சிஜன் போவதற்கே 2, பிபிக்கு 1, பல்ஸுக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 9. அந்த முறையில் 5 வந்தாலே அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும், 7-ம் அதற்கு மேலும் எமர்ஜென்சி. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் கூப்பிட வேண்டும். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த முறை பொருந்தாது, அவர்களுக்குத் தனிச் சார்ட் உண்டு.

போனை எடுக்கும் முன் சார்ட், மருந்துத் தாள், கடைசி ரத்தப் பரிசோதனை மூன்றும் கையில் இருக்கட்டும். பேச்சு நான்கு படியில் போகட்டும்: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும்.

"டாக்டர், மெடிக்கல் வார்டு டியூட்டி நர்ஸ் பேசுகிறேன். 7-ஆம் படுக்கை, ஸ்கோர் 9. மூச்சு 24, 2 லிட்டர் ஆக்சிஜனில் சாச்சுரேஷன் 94, பிபி 104/62, பல்ஸ் 112, டெம்பரேச்சர் 38.4. 64 வயது, நிமோனியா, நேற்று அட்மிஷன். நாலு மணி நேரம் முன்னால் மூச்சு 18, பிபி 128/76. செப்சிஸாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும். வருவதற்குள் பிளட் கல்ச்சர் எடுத்து வைக்கட்டுமா?"

(செப்சிஸ் என்பது தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலை, பிளட் கல்ச்சர் என்பது ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை.) சத்தமாக வாசித்துப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. பழைய எண்ணைச் சொல்ல மறக்காதீர்கள். 104 என்பது இவருக்கு இறக்கம் என்று 128-ஐச் சொன்னால்தான் கேட்பவருக்குப் புரியும். கடைசியில் "வந்து பார்க்க வேண்டும்" என்று கேட்டே ஆக வேண்டும். "சும்மா சொல்லலாம் என்று கூப்பிட்டேன் டாக்டர்" என்று முடித்தால் அவரும் சரி என்று வைத்துவிடுவார்.

புதுச்சீருடை

ரொம்ப நன்றி. சொல்லியும் "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டால்? இன்னொன்று, எங்கள் வார்டில் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி என்று இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தலாமா?

இரவுவிளக்கு

"எத்தனை மணிக்கு வருவீர்கள், எந்த எண்ணுக்கு இறங்கினால் திரும்பக் கூப்பிடட்டும்?" என்று அந்தப் போனிலேயே கேளுங்கள். வரவில்லை, நிலைமை இறங்குகிறது என்றால் ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொல்லி அடுத்த மேல்நிலை டாக்டருக்கு, அவசரக் குழு இருந்தால் நேரே அதற்கு. மரியாதைக் குறைவாகுமோ என்று தயங்க வேண்டாம், அந்த நோயாளிக்காகப் பேச அந்த நேரத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். கூப்பிட்ட நேரம், பேசிய டாக்டர், அவர் சொன்னது மூன்றையும் எழுதுங்கள். போனில் மருந்து சொன்னால் எழுதி, திருப்பி வாசித்துக் காட்டி, "சரி" வாங்குங்கள். "பதினைந்தா, ஐம்பதா" என்ற குழப்பம் வந்தால் "ஒன்று, ஐந்து" என்று இலக்கமாகச் சொல்லிக் கேட்பது நல்லது.

அளவுக்கோல்

இன்சுலின் சிரிஞ்சுக்கு நான் பதில் சொல்கிறேன். மாற்றவே கூடாது. சிவப்பு மூடி யு-40, அதாவது ஒரு மி.லி.யில் 40 யூனிட். ஆரஞ்சு மூடி யு-100, ஒரு மி.லி.யில் 100 யூனிட். யு-100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். 20 எழுதியிருக்க 50 போனால் சுகர் அபாயமாக இறங்கும். தலைகீழாக, யு-40 இன்சுலினை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் போவது 8 யூனிட் மட்டுமே. மூடியைக் கழற்றிப் போட்டபின் நிறம் கண்ணில் இருக்காது, ஆகவே குப்பி லேபிளையும் சிரிஞ்சின் உடலில் உள்ள எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு இழுங்கள். வேகமாக வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பாடு முன்னால் வந்த பிறகே போடுங்கள்.

மருந்துச் சுற்று இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் கை வேகம் இல்லை, இடையூறுதான். டோஸ் கணக்குப் போடும்போதும் மருந்து இழுக்கும்போதும் யார் கூப்பிட்டாலும், உயிர்போகும் அவசரம் தவிர, "இரண்டு நிமிடம்" என்று சொல்லுங்கள். நடுவில் விட்டுப் போக நேர்ந்தால் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குங்கள். லேபிள் ஒட்டாத சிரிஞ்சை வைத்துவிட்டு நகர்ந்தால், திரும்பி வந்து அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

கையெழுத்தில் கவனிக்க வேண்டியவை: "1.0" என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும். ".5" என்றால் 5 ஆகிவிடும். யூனிட்டுக்கு "U" என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால் அது பூஜ்யமாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஊகிக்காமல் எழுதியவரிடம் கேளுங்கள். இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), மார்ஃபின் வகை, பொட்டாசியம் இவற்றுக்கு இரண்டாம் ஆள் சரிபார்ப்பு வேண்டும். நீங்கள் போட்ட கணக்கைக் காட்டி "சரியா?" என்று கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாது. அவர் தனியாகக் கணக்குப் போட்டு விடை ஒத்துவர வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ரத்த நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். எப்போதும் கலந்து, மெதுவாக. கையிலுள்ள சாதாரண கேனுலா (ரத்த நரம்பில் செருகிய சிறு குழாய்) வழியாக மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு, mEq) என்பது வழக்கமான மேல்வரம்பு. தொங்கி ஓடிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் சேர்க்காதீர்கள், கனமான மருந்து அடியில் தங்கி அப்படியே முதலில் இறங்கும். இறக்கி வைத்துச் சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகே தொங்கவிட வேண்டும். வலிப்பு மருந்தான ஃபெனிடாயினை டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரை டிரிப்) கலந்தால் படிகமாகிவிடும், நார்மல் சலைன் மட்டுமே.

நீலக்கேனுலா

டிரிப் பற்றி யாரும் சொல்லவில்லை. பம்ப் இல்லாத இடத்தில் கணக்கு இதுதான்: மி.லி.யை செட்டின் சொட்டு எண்ணால் (ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு) பெருக்கி, நிமிடத்தால் வகுக்க வேண்டும். 1000 மி.லி., 8 மணி நேரம், 20 சொட்டு செட் என்றால் 20,000-ஐ 480-ஆல் வகுத்து, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மி.லி. என்பதால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. செட் உறையில் எண்ணைப் பார்க்காமல் 20 என்று வைத்துக்கொள்ளாதீர்கள், 15 சொட்டு செட்டும் உண்டு.

வைத்த வேகம் அப்படியே இருக்காது. கை மடங்கினால் குறையும், கட்டிலை உயர்த்தினால் குறையும், ரோலர் நழுவினால் கூடும். 15 நிமிடம் கழித்து ஒரு தடவை எண்ணுங்கள். பாட்டில் ஓரமாக ஒரு பிளாஸ்டர் ஒட்டி 125 மி.லி.க்கு (மேலே சொன்ன டிரிப்பில் ஒரு மணி நேர அளவு) ஒரு கோடு, பக்கத்தில் மணி எழுதிவிட்டால் தாண்டிப் போகும்போதே தெரியும்.

டிரிப் சொட்டுகிறது என்பதற்காகக் கேனுலா நரம்புக்குள் இருக்கிறது என்று நம்பாதீர்கள். தோலுக்கடியில் போனாலும் கொஞ்ச நேரம் சொட்டும். ஒட்டுப்பட்டைக்கு மேலே இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும் வீங்கி, தோல் இறுகிப் பளபளத்து, தொட்டால் குளிர்ச்சியாக இருந்தால் வெளியே கசிகிறது. சூடாகச் சிவந்து, நரம்பு கயிறுபோல் தட்டுப்பட்டால் அது ஃபிளெபைட்டிஸ், அதாவது ரத்த நரம்பின் அழற்சி. இரண்டிலும் டிரிப்பை உடனே நிறுத்திவிட்டுக் கேனுலாவை எடுத்துவிட வேண்டும். எரிச்சலூட்டும் மருந்து ஏறிக்கொண்டிருந்து கசிந்திருந்தால் மட்டும், எடுக்கும் முன் இன்சார்ஜைக் கூப்பிடுங்கள். அந்தக் கேனுலா வழியாகவே மருந்தை உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கலாம்.

ஊசி குத்திவிட்டால்: பிதுக்காதீர்கள், சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், உடனே தெரிவியுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குப் பின் தொடங்குவதில் பயனில்லை. ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திருக்கும் காரியம் இல்லை.

மூன்றாம்மாடி

நோட்ஸ் விட்டுப்போயிற்று. ஒவ்வொரு படுக்கையிலும் வேலை முடிந்த இடத்திலேயே இரண்டு வரி எழுதுங்கள். "நோயாளி நலமாக இருக்கிறார்" என்பதால் அடுத்த ஷிஃப்ட்டுக்குப் பயனில்லை. "14:20, வலி 10-க்கு 7, பாராசிட்டமால் 1 கிராம் ஐவி 15 நிமிடத்தில் கொடுக்கப்பட்டது. 15:10, வலி 3" என்று எழுதினால் மருந்து கேட்டதா என்பதும் தெரிந்துவிடும். தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு அடித்து, கையெழுத்து, நேரம். வெள்ளை மை வேண்டாம். தாமதமாக எழுதினால், எழுதும் நேரத்தை முதலில் போட்டு, நடந்த நேரத்தைத் தனியாகக் குறிப்பிடுங்கள். யூரின் அளவை ஷிஃப்ட் கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டுவைக்காதீர்கள். மணிக்குக் கிலோவுக்கு அரை மி.லி. வேண்டும், 60 கிலோ ஆளுக்கு 30 மி.லி. அது குறைந்தால் இரண்டாவது மணியிலேயே தெரிய வேண்டும், எட்டாவது மணியில் அல்ல.