ஆகஸ்ட் லீவுல டென்ட் அடிக்க எந்த மலை நல்லம்?

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். நாங்க ஹட்டன் பக்கம். ஆகஸ்ட்ல ரெண்டு ராத்திரி மலையில தங்கி, அப்படியே எல்ல, வெல்லவாய, மொனராகலை வழியா அறுகம்பே இறங்கலாம்னு யோசனை. ஆறு பேர், அதுல தங்கச்சி மகனுக்கு ஒம்பது வயசு.

கடல் பக்கம் கவலையில்ல, அந்த மாசம் கிழக்குக்கரை காய்ஞ்சுதான் கிடக்கும். மலைதான் யோசனையா இருக்கு. நம்ம பக்கம் தென்மேற்கு மழை விடாதே. போன வருசம் தோட்டத்துக்கு மேல மானாப்புல்லுக்குள்ள டென்ட் அடிச்சோம். விடியப் பாத்தா கம்பளியைப் புழிஞ்சு காயப்போடணும். பொடியன் காதுக்குப் பின்னால அட்டை ஒண்ணு குடிச்சுக் கொழுத்து திராட்சைப்பழம் மாதிரி தொங்குது. "மாமா, தோடு போட்டிருக்கேன்"னு சிரிக்கிறான். உப்பும் சவுக்காரமும் கொண்டு போகாதது என் பிழை. (அவன் அம்மா இன்னும் என்கூட சரியாப் பேசல.)

ஹோர்ட்டன் சமவெளி ஆசைதான். ஆனா 2,100 மீட்டருக்கு மேல, சின்னப் பிள்ளைக்கு அந்தக் குளிர் தாங்குமா? வனஜீவராசிகள் திணைக்களத்துல அனுமதியும் எடுக்கணும். நக்கிள்ஸ்ல ரிவர்ஸ்டன் சொல்றாங்க, அங்க காத்து டென்டையே தூக்கிரும்னும் சொல்றாங்க. எனக்கென்னவோ மழை குறைஞ்ச ஊவாப் பக்கம், நமுனுகுல அடிவாரம் சரின்னு படுது.

ஆகஸ்ட்ல அங்க தங்கினவங்க சொல்லுங்க: குடிக்கத் தண்ணி கிட்ட இருக்கா? வேன் எதுவரை போகும்? பெண்களுக்குக் கழிப்பறை வசதி எப்படி?