புதுப்பிப்பு: ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தேன்

மலைக் கொரில்லாக்களைக் காணும் நடையையும் பிசோக்கே மலையேற்றத்தையும் ஒரே பயணத்தில் முடிக்க இயலுமா, ஒரு மணி நேரச் சந்திப்புக்கு 1,500 டாலர் கட்டணம் தகுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். இரண்டுக்கும் இப்போது ஆம் என்றே சொல்வேன்.

காலையில் பூங்காவின் தலைமையகம் உள்ள கினிகியில் கூடுபவர்களை, ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு எட்டுப் பேருக்கு மிகாமல் குழுக்களாகப் பிரிக்கிறார்கள். நடக்கும் திறனை முன்கூட்டியே சொன்னால் அதற்கேற்ற குடும்பத்தை ஒதுக்க முயல்கிறார்கள். மூங்கில் காட்டைக் கடந்ததும் இடுப்புயரத்துக்குக் காஞ்சொறி மண்டிக் கிடப்பதால் தடித்த கையுறை கட்டாயம் வேண்டும். நம் சளியும் காய்ச்சலும் கொரில்லாக்களுக்கு எளிதில் தொற்றும் என்பதால் முகக்கவசம் அணிந்து விலகியே நிற்க வேண்டும். நாங்கள் பார்த்த ‘வெள்ளி முதுகு’, அதாவது முதுகு முடி வெளுத்த முதிர்ந்த ஆண் கொரில்லா, ஒரு தண்டை ஒடித்து, பல்லால் பட்டையை உரித்து, உள்ளிருந்த சதையை மட்டும் நிதானமாக மென்றது. வழிகாட்டி தொண்டைக்குள் உறுமி அதற்கு அமைதி சொன்னார். பூங்கா வருவாயில் பத்து சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது என்பதும், அழிவின் விளிம்பிலிருந்த இவ்வினம் இன்று ஆயிரத்தைத் தாண்டியிருப்பதும் அந்தக் கட்டணத்தை எனக்கு நியாயப்படுத்துகின்றன.

3,711 மீட்டர் உயரமுள்ள பிசோக்கேயில் ஏறி, உச்சியிலுள்ள எரிமலைவாய் ஏரியைப் பார்த்துவிட்டு அன்றே இறங்கிவிடலாம். பாதை முழுவதும் சேறு. கணுக்காலை மூடும் காலணியும் சுமைதூக்க ஓர் உள்ளூர்க்காரரும் அவசியம்.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பதினைந்து வயதுக்குக் குறைந்தோருக்குக் கொரில்லா நடையில் அனுமதியில்லை.