பதின்வயதினரின் உடல் குறித்த தாழ்வுணர்வு: பழி கைபேசிக்கா, நமக்கா?

நெய்தல்:
ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், பதினாறு வயது நிரம்பாதவர்களை இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் கணக்கு வைத்திருக்க விடக்கூடாது, மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். நம் நாட்டிலும் இப்படியொரு சட்டம் வேண்டும் என்பேன். இன்ஸ்டாகிராமை நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் 2021-இல் வெளிக்கொணர்ந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களிலேயே, தம் உடலைப் பற்றி மனம் குன்றியிருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அதை மேலும் மோசமாக்கியதாகச் சொன்ன செய்தி இருந்தது.

திருமலை:
அந்த 32 சதவீதம் ஏற்கெனவே மனம் நொந்திருந்தவர்களிடம் எடுத்த கணக்கு என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் இருவர் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களுடைய மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் மின்னணுக் கருவிகளின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று 2019-இல் எழுதினார்கள். ஃபிஜித் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. எடையைக் குறைக்க வாந்தியெடுக்கும் வழக்கமே இல்லாதிருந்த அங்குள்ள பள்ளி மாணவியரில் 11.3 சதவீதத்தினர் மூன்றே ஆண்டுகளில் அதைச் செய்வதாகச் சொன்னார்கள். அப்போது இன்ஸ்டாகிராம் எங்கே இருந்தது? சிவப்பழகு கிரீமை 1975 முதல் வாங்கிப் பூசிய நாடு இது. விடுதியிலிருந்து வரும் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, "என்னடி இப்படிக் கறுத்துட்டே" என்று கேட்கும் அத்தைக்குக் கைபேசி தேவைப்பட்டதில்லை.

வெண்மதி:
திருமலை ஐயா, ஃபிஜிக் கதை உங்கள் வாதத்தையே வெட்டுகிறது. எல்லோருக்கும் பொதுவான நிகழ்ச்சிகளைக் காட்டிய தொலைக்காட்சியே மூன்றாண்டுகளில் அவ்வளவு செய்தது என்றால், மெலிந்த இடுப்பைக் காட்டும் காணொளியைப் பார்க்க ஒரு பெண் சற்று நின்றாலே அதே போன்ற பத்துக் காணொளிகளை அடுத்தடுத்துத் தள்ளும் இன்ஸ்டாகிராமின் ஏற்பாடு என்ன செய்யாது? 0.4 என்பது சராசரி. எதுவும் ஆகாத பலரும் நொறுங்கிப்போன சிலரும் அதில் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள்.

நான் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். ஆண்டு விழாவன்று எடுத்த குழுப்படத்தைத் தோழி ஒருத்தி ஃபில்டர் போடாமல் பதிவேற்றிவிட்டாள் என்பதற்காக ஒரு மாணவி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவள் தன் கைபேசியில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துக் காட்டி, "இதுதான் மிஸ் நான்" என்றாள். அவள் விரல் தொட்டது மூக்கு கூர்மையாக்கப்பட்டு, நிறம் வெளுத்திருந்த படத்தை. (பையன்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம், புரோட்டீன் பவுடர் பற்றி என்னிடம் கேட்பவர்கள் எல்லோரும் பையன்கள்தாம்.)

திருமலை:
அந்த மாணவியின் இன்ஸ்டாகிராம் கணக்கு யாருடைய கைபேசி எண்ணில் இருந்தது, அம்மா?

வெண்மதி:
அவளுடைய தாயாரின் எண்ணில்.

திருமலை:
ஒரே கைபேசியை வீடே பயன்படுத்தும் ஊரில் ஆஸ்திரேலியச் சட்டம் யாரைத் தடுக்கும்? பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று நம்முடைய 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. கேட்டால் அந்தத் தாயார் "சரி" என்ற பொத்தானை அழுத்தியிருப்பார்.

வெண்மதி:
வயதுத் தடை அவளை எட்டியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நெய்தல் கேட்கும் சட்டத்தில் எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் மூக்கையும் நிறத்தையும் மாற்றும் ஃபில்டரைச் செய்து வைத்தது தாயாரும் அல்லர், அத்தையும் அல்லர். அதை நீக்கச் சொல்ல யாருடைய வயதையும் சரிபார்க்க வேண்டியதில்லை.