வயிறு சரியான பிறகும் நாய் சோர்ந்தே கிடக்கிறாள், என்ன பார்க்கலாம்?

எங்கள் நாய்க்கு ஏழு வயது, பெண். போன வாரம் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படாத பாடு பட்டுவிட்டாள். கால்நடை மருத்துவர் ஊசி போட்டு ட்ரிப்ஸ் ஏற்றினார். வாந்தி நின்றது, மலமும் கெட்டியாகிவிட்டது. சுறுசுறுப்பு மட்டும் திரும்பவில்லை. கழுத்துப்பட்டையைக் கையில் எடுத்தாலே வாசலுக்கு ஓடுகிறவள், இப்போது வாலை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் படுத்த இடத்திலேயே கிடக்கிறாள்.

ஈறு இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறது. பிடரித் தோலை இழுத்துவிட்டால் உடனே படிகிறது. அதனால் உடலில் நீர் வற்றியதாகத் தெரியவில்லை. உடல் சூடு 101.8 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்களுக்கு 102.5 வரை இயல்பு என்பதால் இதைக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. தண்ணீர் நன்றாகவே குடிக்கிறாள், சாப்பாடு பாதிதான்.

பேதியில் உப்புச்சத்து, குறிப்பாகப் பொட்டாசியம், குறைந்தால் தசை தளரும் என்று தெரியும். அது பரவாயில்லை, சரிசெய்துவிடலாம். கணைய அழற்சியும் உண்ணிக் காய்ச்சலும் இப்படி இழுத்தடிக்கும் என்பதுதான் உறுத்துகிறது. நாளைக்கு மறுபடி மருத்துவரிடம் போகிறோம். இரத்த அணுக்கள், சிறுநீரகம், உப்பு அளவு, இவற்றோடு வேறு எதைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்? உங்கள் நாய் இப்படிச் சோர்ந்திருந்தால், பழையபடி ஆக எவ்வளவு நாள் பிடித்தது? சாப்பாட்டை எப்படிக் கூட்டினீர்கள்?

அப்புறம், மனிதர்களுக்கான மாத்திரை எதையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாகலாம்.