ஹெப்ஜி2 செல்லில் ஏடிஎச்1 பேண்ட் வரவே மாட்டேங்குது, ஆன்டிபாடி கெட்டுப்போச்சா?

ஈரோட்டுப் பொண்ணு:
வணக்கங்க. கோவையில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் வருஷம். ஹெப்ஜி2 என்ற மனிதக் கல்லீரல் செல்லுக்கு 50 மில்லிமோலார் எத்தனால் 48 மணி நேரம் கொடுத்து, ஆல்கஹாலை உடைக்கிற நொதியான ஏடிஎச்1 எவ்வளவு இருக்கிறது என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைப்படி பிரித்து, வேண்டியதை ஆன்டிபாடியால் பேண்டாகக் காட்டும் சோதனை) பார்க்கிறேன். முயல் பாலிகுளோனல் ஆன்டிபாடி, 1:1000, இரவு முழுக்க 4 டிகிரியில். மூன்று தடவை ஓட்டிவிட்டேன். ஏடிஎச்1 வர வேண்டிய 40 கிலோடால்டன் எடையில் ஒன்றுமே இல்லை. எலி ஆன்டிபாடி போட்டுப் பார்த்த, எல்லாச் செல்லிலும் இருக்கிற ஆக்டின் புரதம் மட்டும் பளிச்சென்று வருகிறது. போன மாதம் ஒரு ராத்திரி பூரா கரண்ட் இல்லாமல் ஃப்ரீசர் நின்றுவிட்டது. ஆன்டிபாடி அதில்தான் இருந்தது. இரண்டு மாதம் காத்திருந்து வந்த சாமான், புதுசு வேண்டும் என்று கைடிடம் கேட்க வாயே வரவில்லை. யாராவது வழி சொல்லுங்க.

நொய்யல்கரை:
ஒரு ராத்திரிக்கெல்லாம் ஆன்டிபாடி போய்விடாதுங்க. பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்ததாக இருந்தால் மைனஸ் 20இல்கூட அது உறையாது. திரும்பத் திரும்ப உறைந்து உருகுவதுதான் கெடுதல். ஆனால் ஆக்டின் வந்ததை வைத்து எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம், அதற்குப் போட்ட செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடித்து அதைத் தெரியவைக்கும் இரண்டாவது ஆன்டிபாடி) வேறு. முயல் ஆன்டிபாடியை நைட்ரோசெல்லுலோஸ் மெம்பரேனில் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, பிளாக் பண்ணி, முயலுக்கு எதிரான செகண்டரி போட்டுப் பாருங்கள். பொட்டு தெரிந்தால் செகண்டரி உயிரோடு இருக்கிறது. பஃபரில் கெடாமல் இருக்கப் போடும் சோடியம் அசைடு இருந்தால், செகண்டரியோடு ஒட்டியிருக்கும் எச்ஆர்பி நொதி வேலை செய்யாது, அதையும் பாருங்கள்.

கோபிக்காரன்:
அம்மணி, ஆன்டிபாடி மேல் பழி போடுவதற்கு முன்னால் செல்லைப் பாருங்க. ஹெப்ஜி2வில் ஏடிஎச் ஏறக்குறைய கிடையாது. கல்லீரல் புற்றிலிருந்து வந்த செல் அது, மது உடைக்கிற வேலையைக் கைவிட்டுவிட்டது. மதுவை உடைக்கிற இன்னொரு நொதியான சிஒய்பி2ஈ1ம் அப்படித்தான். இல்லாத புரதத்துக்கு எந்த ஆன்டிபாடியும் பேண்ட் காட்டாது. முதலில் கல்லீரல் லைசேட் (கல்லீரலைக் கரைத்து எடுத்த புரதச் சாறு) ஒன்றைப் பக்கத்து லேனில் ஓட்டுங்க.

ஈரோட்டுப் பொண்ணு:
ரொம்ப நன்றிங்க அண்ணா, இது தெரியாமல் மூன்று மாதம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு ஈரல் வாங்கி ஓட்டலாமா? ஈஸ்ட் ஏடிஎச் பாட்டில் ஒன்றும் லேபில் இருக்கிறது.

கோபிக்காரன்:
ஈஸ்ட் வேண்டாம், அதன் வரிசை மனித ஏடிஎச்சை விட்டு ரொம்ப விலகியது. ஆட்டு ஈரலில் பேண்ட் வந்தால் நல்லது. வராவிட்டால் ஆன்டிபாடி ஆட்டைப் பிடிக்கவில்லையா, செத்துவிட்டதா என்று பிரிக்க முடியாது. டேட்டா ஷீட்டில் எலி என்று போட்டிருந்தால், அனிமல் ஹவுஸில் முடிந்த ஆய்வின் எலிக் கல்லீரல் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்க. 10 மைக்ரோகிராம் போதும், கல்லீரலில் ஏடிஎச் கொட்டிக் கிடக்கும். இன்னொன்று: ஆக்டின் 42 கிலோடால்டன், ஏடிஎச் 40. ஒரே மெம்பரேனில் இரண்டையும் பார்த்தால் எது எது என்றே குழம்பும். எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏற்றியதைக் காட்டும் லோடிங் கன்ட்ரோலுக்கு, எடை மிக அதிகமான வின்குலின் புரதத்தை வையுங்க.

ஈரோட்டுப் பொண்ணு:
எலிக் கல்லீரல் லேனில் 40இல் கருகருவென்று பேண்ட், ஹெப்ஜி2 லேன் காலி! ஆன்டிபாடி நன்றாக இருக்கிறதுங்க அண்ணா. அப்படியானால் நான் கொடுத்த எத்தனாலையே இந்தச் செல் சரியாக அசிடால்டிஹைடாக மாற்றியிருக்காதா?

கோபிக்காரன்:
மாற்றியிருக்காது. ஏடிஎச்சும் சிஒய்பி2ஈ1ம் சேர்த்த விஎல்-17ஏ என்ற ஹெப்ஜி2 வகை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்க. இந்த பிளாட்டையே கைடிடம் காட்டினால் ஏன் கேட்கிறீர்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும்.