‘செவ்வியல் உயிரியல் கட்டுப்பாடு’ – மாற்றுச் சொல் வேண்டும்

அன்புள்ள ஐயா,

வேற்றிடத்திலிருந்து வந்த பூச்சிக்கு அதன் தாயகத்து எதிரியைக் கொண்டுவந்து விடும் ‘கிளாசிக்கல்’ வகைப் பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு, கலைச்சொல் பட்டியலில் தாங்கள் முன்மொழிந்த ‘செவ்வியல்’ என்ற அடை எனக்கு உடன்பாடாக இல்லை. அதைக் கேட்டால் இலக்கியமும் இசையும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த முறையின் செலவு யாருடையது, அது எத்தனை முறை வரும் என்பது சொல்லிலிருந்து தெரிவதில்லை.

மரவள்ளி மாவுப்பூச்சியைப் பாருங்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, தன்னைத் தின்னும் எதிரி அங்கு இல்லாததால் பெருகியது. பராகுவேயிலிருந்து தருவித்த அனகைரஸ் லோபெசி என்னும் சிறு குளவியை 1981இல் நைஜீரியாவில் விட்டார்கள். பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்த புழு உள்ளிருந்தே தின்று தீர்க்க, பழுப்பேறி உப்பிய கூட்டைத் துளைத்துக்கொண்டு அடுத்த குளவி வெளிவரும். அதன்பின் குளவி தானாகவே பரவியது. உழவர் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. செலவிட்ட ஒரு டாலருக்கு நூறு டாலருக்கு மேல் பயன் கிடைத்ததாகப் பொருளாதார மதிப்பீடுகள் கூறுகின்றன. விற்கச் சரக்கு இல்லாத இடத்தில் வணிக நிறுவனம் முதலிடாது என்பதால், இது பொதுப்பணத்தில் நடக்க வேண்டிய வேலை. எனவே ‘குடியேற்றல்’ என்பதே பொருந்தும். ‘அறிமுகம்’ போதாது, விட்ட குளவி நிலைகொள்ளாவிட்டால் போட்ட பணம் வீண்.

கரும்பில் டிரைக்கோகிரம்மா (பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடும் மிகச்சிறு ஒட்டுண்ணிக் குளவி) அட்டை கட்டுவது வேறு கணக்கு. அட்டையில் ஒட்டிய அந்துப்பூச்சி முட்டைகள், ஒட்டுண்ணி உள்ளே வளர்ந்து கறுத்த பின், துண்டுகளாக வெட்டி இலைகளின் அடிப்பக்கத்தில் பொருத்தப்படுகின்றன. பருவந்தோறும் விலை கொடுத்து வாங்கும் இடுபொருள் இது. ஆகவே பூச்சிமருந்துச் செலவோடு நேராக ஒப்பிடலாம். இதற்குப் ‘பெருக்கிவிடல்’ போதும். (இதையே ‘பெருக்க விடுப்பு’ என்றால் அலுவலகத்தில் விடுப்புக் கேட்பது போலிருக்கிறது.)

வயலில் ஏற்கெனவே உள்ள சிலந்தியையும் பொறிவண்டையும் காப்பது ‘பேணல்’. இதில் தெளிக்காமல் விட்ட மருந்தின் விலையே வருவாய். நெல்லில் கண்மூடித்தனமாகத் தெளித்த மருந்து இயற்கை எதிரிகளைக் கொன்று, புகையான் என்னும் நெற்பூச்சியைப் பெருக்கியது கண்டு, இந்தோனேசியா 1986இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிருக்குத் தடைசெய்தது.

மூன்றையும் தனித்தனிப் பதிவுகளாகச் சேர்த்து, ‘உயிரியல் கட்டுப்பாடு’ என்பதைப் பொதுத் தலைப்பாக வைத்துக்கொள்ளலாம். ‘குடியேற்றல்’ மனிதர்களுக்கே உரியது என்று கருதுவோர் இருந்தால், ‘நிலைபெறச் செய்தல்’ என்பதை எதிர்க்க மாட்டேன்; நீளம்தான் சற்று இடிக்கிறது.