ஒரு தடவை ஆடிவிட்டால் பேய் கேமில் பயம் போய்விடுமா?

கொக்கிரகுளத்தான்:
நெல்லைப் பக்கத்து கேம் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "பேய் கேம் எல்லாம் ஒரு தடவைதான். பேய் எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்று தெரிந்த பிறகு அதில் என்ன இருக்கிறது? முடித்தோமா, அழித்தோமா, அடுத்ததை ஏற்றினோமா என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும்" என்கிறார். கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. அங்கே நாலு வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

கதவுக்குப் பின்னால் பேய் நிற்கிற கேம்களையே ஆடியவருக்கு அப்படித்தான் தோன்றும். 2014-இல் கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கிய ஏலியன் ஐசோலேஷனை ஆடிப் பாருங்கள். செவஸ்டோபோல் என்கிற விண்வெளி நிலையம், அதில் மாட்டிக்கொண்ட அமாண்டா ரிப்ளி, தலைக்கு மேலே குழாய்க்குள் ஊர்ந்துகொண்டிருக்கும் ஏலியன் என்கிற வேற்றுக்கிரக உயிர். அதைக் கொல்ல வழியே இல்லை. தீயைப் பீய்ச்சினால் கொஞ்ச நேரம் ஒதுங்கும், அவ்வளவுதான். கதைக்காக வைத்த சில காட்சிகளை விட்டால், அது எப்போது இறங்கும், எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதே மருத்துவப் பிரிவு, அதே நடைபாதை. போன தடவை லாக்கருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று தப்பித்தேன். அடுத்த தடவை அதே லாக்கரைத் திறந்து என்னை வெளியே இழுத்துவிட்டது. தெரிந்த இடத்தில் தெரியாத ஒன்று நடமாட வேண்டும். அப்படிப்பட்ட கேம்தான் மனசில் நிற்கும், திரும்ப ஆடவும் தோன்றும்.

வண்ணார்பேட்டை வாசி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம் அண்ணாச்சி, நான் ஒன்றும் ஓடிப்போக மாட்டேன்.

நீங்கள் தலையில் தூக்கி வைத்திருக்கும் ஏலியன் ஆடுவது அழுகுணி ஆட்டம். நீங்கள் எங்கே ஒளிந்திருக்கிறீர்கள் என்று கேமே அதன் காதில் ஓதிவிடுகிறது. நிலையத்தின் ஒரு மூலையில் விட்டுவிட்டு அடுத்த மூலைக்குப் போனாலும் சரியாகத் தலைக்கு மேல் குழாயில் தடதடவென்று சத்தம் கேட்கிறது. இதற்குப் பெயர் பயமா?

கொக்கிரகுளத்தான்:
தம்பி, தெரியாத விஷயத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். ஏலியனுக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியாது. அந்த கேமில் இரண்டு மூளை வேலை செய்கிறது. ஒன்று, பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் டைரக்டர். அதற்கு நீங்களும் தெரியும், ஏலியனும் தெரியும். ஆனால் அது ஏலியனுக்குச் சொல்வது "அந்தப் பக்கம் போய்த் தேடு" என்கிற அளவுதான். இரண்டாவது, ஏலியனின் சொந்த மூளை. அது தன் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத்தான் உங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் ஓடினால் கேட்கும். பக்கத்தில் எது அசைந்தாலும் காட்டும் டிராக்கர் கருவி கையில் பீப் அடிப்பதுகூட ஏலியன் பக்கத்தில் வந்துவிட்டால் கேட்கும். அசையாமல் இருந்தால் பக்கத்திலேயே நடந்து போய்விடும். ரொம்ப நேரம் உங்களை நெருக்கிவிட்டது என்றால் அந்த டைரக்டரே அதைக் குழாய்க்குள் திருப்பி அனுப்பிவிடும். ஏமாற்றுகிறவன் இப்படி விட்டுக்கொடுப்பானா?

வண்ணார்பேட்டை வாசி:
டைரக்டருக்குத் தெரியும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். டைரக்டர் யார்? கேம். ஏலியன் யார்? அதுவும் கேம். அப்புறம் என்ன "தெரியாது"? தெரியும்.

அம்பைக்காரன்:
இரண்டு பேரும் கேள்வியை விட்டுவிட்டீர்கள். ஒரு கேம் மனசில் நிற்க அதன் எதிரி புத்திசாலியாக இருந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? 2001-இல் வந்த சைலன்ட் ஹில் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் உருவங்கள் மந்தமாகத்தான் வரும், எதுவும் பெரிய மூளைக்காரன் இல்லை. செத்துப்போன மனைவியிடமிருந்து கடிதம் வந்தது என்று ஜேம்ஸ் சைலன்ட் ஹில் என்கிற ஊருக்கு வருகிறான். முதல் தடவை அவன் பாவம் என்று நினைத்துக்கொண்டு கூடவே நடப்போம். முடிவு தெரிந்த பிறகு மறுபடி ஆரம்பித்தால், அதே ஆள் கண்ணாடி முன் நிற்கிற முதல் காட்சியே வேறு மாதிரி தெரிகிறது.

அதோடு, எந்த முடிவு வரும் என்பதை அந்த கேம் நம்மிடம் கேட்பதில்லை. நம்மைப் பார்த்து அதுவே எடை போடுகிறது. அங்கே சந்திக்கும் ஏஞ்சலா என்கிற பெண்ணின் கத்தியை எடுத்து எடுத்துப் பார்த்தால், காயத்தோடே வைத்தியம் பார்க்காமல் சுற்றினால், ஒரு முடிவு நோக்கித் தள்ளும். மனைவியின் படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தால் வேறொன்று. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பையில் இருக்கும் பொருளைத் தொடவே யோசனையாக இருக்கிறது. திரும்ப ஆடுவதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்?

கொக்கிரகுளத்தான்:
அம்பைக்காரரே, நல்ல கேம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பயம் எங்கே? ரேடியோவில் கரகரவென்று வந்தால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இரண்டாம் தடவை அது சோகம். சோகம் வேறு, பயம் வேறு.

வண்ணார்பேட்டைத் தம்பிக்கு மறுபடி சொல்கிறேன். டைரக்டருக்குத் தெரியும், ஏலியனுக்குத் தெரியாது.

களக்காட்டு அக்கா:
என் பிள்ளைகள் போனில் கிரானி என்கிற பேய் கேம் ஆடுகிறார்கள். 2017-இல் வந்தது, இன்னும் விட்டபாடில்லை. கிழவி வீட்டில் அடைத்து வைத்திருப்பாள், ஐந்து நாளுக்குள் தப்பிக்க வேண்டும். சாவியும் கருவியும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் இருக்காது. எதையாவது கீழே தட்டிவிட்டால் சத்தத்துக்குக் கிழவி வந்துவிடுவாள். பெரியவன் ஆடும்போது சின்னவன் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு "போயிட்டாளா, போயிட்டாளா" என்று கேட்பான். விண்வெளி நிலையம் எல்லாம் வேண்டாம், ஒரு வீடும் ஒரு கிழவியும் போதும் என்பதுதான் என் கருத்து.

கொக்கிரகுளத்தான்:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், போனில் ஆடுவதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பயம் என்பது இருட்டு அறை, பெரிய திரை, நல்ல ஹெட்போன் எல்லாம் சேர்ந்து வருவது. பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கட்டைவிரலால் தேய்ப்பது பொழுதுபோக்கு.

களக்காட்டு அக்கா:
தம்பி, உங்கள் ஏலியன் ஐசோலேஷனே 2021 டிசம்பரில் போனுக்கு வந்துவிட்டது. அப்போது அதையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா? போன் வைத்து ஆடுகிறவர்கள் என்றால் இளக்காரம். இந்த ஊரில் எத்தனை வீட்டில் பெரிய திரையும் கன்சோலும் இருக்கிறது என்று ஒரு தெருவாவது நடந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வண்ணார்பேட்டை வாசி:
அப்படிக் கேளுங்கள் அக்கா. அண்ணாச்சிக்கு எப்போதும் தான் வாங்கியதுதான் உசத்தி.

தென்காசிச் சாரல்:
இடையில் ஒரு வார்த்தை. 1996-இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவிலில் சேவ் பண்ண டைப்ரைட்டருக்கு மை ரிப்பன் வேண்டும். ஒரு சேவுக்கு ஒரு ரிப்பன். இப்போது செலவழிப்பதா, இன்னும் ஒரு அறை பார்த்துவிட்டு வருவதா என்று கதவு முன்னாலேயே நின்றுகொண்டிருப்போம். நாய் எந்த ஜன்னலை உடைத்துக்கொண்டு வரும் என்று தெரிந்த பிறகும் அந்த யோசனை போகாது. என்னைக் கேட்டால் பயத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த ரிப்பன்தான். இழக்க ஏதாவது இருந்தால்தான் பயம்.

ஏலியனிலும் இது இருக்கிறது. சேவ் பண்ண, சுவரில் இருக்கும் இயந்திரத்தில் அட்டையைச் செருகிவிட்டு விளக்கு ஒவ்வொன்றாக எரியும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் வந்து கொன்றுவிட்டுப் போய்விடும். அது மட்டுமல்ல, பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கன்சோலில் கேமரா மாட்டி, சத்தத்தைக் கவனிக்கும் வசதியைப் போட்டிருந்தால் நம் அறையில் எழும் சத்தமே அதற்குக் கேட்கும். எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் முடிந்தது கதை.

வண்ணார்பேட்டை வாசி:
பார்த்தீர்களா! குக்கர் விசிலையும் கேட்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அழுகுணி ஆட்டம்.

கொக்கிரகுளத்தான்:
விசில் கேட்டால் அது காது. காதால் கேட்டு வருவதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இடம் தெரியாததால்தான் அதற்குக் காது தேவைப்படுகிறது. தெரிந்திருந்தால் காது எதற்கு?

உங்கள் பெரிய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தெரிந்த பிறகு பயம் போய்விடும் என்கிறீர்களே, சுடலைமாடன் கோயில் கொடைக்கு வந்ததே இல்லையா நீங்கள்? வருஷா வருஷம் அதே வில்லுப்பாட்டு, அதே கதை. சுடலை எப்படிப் பிறந்தார், மயானத்தில் என்ன செய்தார் என்று சின்னப் பிள்ளைக்குக்கூட வரிசையாகத் தெரியும். இருந்தும் சாமக்கொடையில் மகுட மேளம் உச்சத்துக்குப் போய், சாமியாடி மயான வேட்டைக்குக் கிளம்பும்போது வழியில் ஒருவர் நிற்பதில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தும் ஜனங்கள் ஏன் ஒதுங்குகிறார்கள்? கதை தெரியும், அந்த ராத்திரி அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது தெரியாது. நான் ஏலியனைப் பற்றிச் சொல்வதும் இதைத்தான்.

வண்ணார்பேட்டை வாசி:
கேம் சண்டைக்குச் சாமியை எதற்கு இழுக்கிறீர்கள்? எங்கள் குடும்பம் சீவலப்பேரிச் சுடலைமாடன் கோயிலுக்குப் போகிற குடும்பம். அங்கே நடப்பது பக்தி. காசு கொடுத்து வாங்கிய ஒரு கேமை அதோடு வைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. வாதத்தில் தோற்றால் இப்படித்தான் எங்கேயாவது தாவுவீர்கள்.

அம்பைக்காரன்:
அண்ணாச்சி சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதை வைத்துப் பார்த்தால் என் பக்கம்தான் வலுக்கிறது. கொடையில் மாறாத கதையைத்தானே கேட்கிறோம்? சைலன்ட் ஹிலும் மாறாத கதைதான்.

கொக்கிரகுளத்தான்:
இல்லை. மாறாத கதைக்குள் மாறுகிற ஒன்று. நன்றாகப் படியுங்கள்.

தம்பி, சீவலப்பேரிக்கு நானும்தான் போகிறேன். பக்தியை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். தோற்றது யார் என்று இதைப் படிப்பவர்கள் சொல்லட்டும். நீங்கள் அந்த கேமை முழுசாக முடித்தீர்களா, யூடியூபில் யாரோ கத்திக்கொண்டு ஆடியதைப் பார்த்தீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வண்ணார்பேட்டை வாசி:
பாதி ஆடினேன். பாதிக்கு மேல் ஆட விடாமல் செய்தது அந்தக் கள்ள ஏலியன்தான். அதுவும் ஒரு பெரிய குறை. இழுத்துக்கொண்டே போகிறது, முடிகிற மாதிரி வந்து மறுபடி ஆரம்பிக்கிறது. ஒரு தடவை முடிப்பதற்கே இத்தனை பாடு, இதில் திரும்ப வேறு ஆட வேண்டுமாம்.

ஆடியது ஆடாதது பற்றி நீங்கள் பேசக்கூடாது அண்ணாச்சி. 2014 ஆகஸ்டில் பி.டி. என்கிற குட்டிப் பேய் கேம் இலவசமாக வந்தபோது என் பிஎஸ்4-இல் இறக்கி வைத்திருந்தேன். ஒரே ஒரு நடைபாதை, வளைந்து திரும்பினால் மறுபடி அதே நடைபாதை. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று கொஞ்சம் மாறியிருக்கும். 2015 ஏப்ரலில் அதை வெளியிட்ட கொனாமி நிறுவனமே பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து அதைத் தூக்கிவிட்டது. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்களிடம் மட்டும்தான் மிச்சம். அந்த பிஎஸ்4-ஐக் குற்றாலம் சீசனுக்கு இரவல் வாங்கிக்கொண்டு போனது யார்? கிரிக்கெட் கேம் ஏற்ற இடம் போதவில்லை என்று பி.டி.யை அழித்தது யார்? திரும்ப இறக்கவே முடியாத ஒன்றை அழித்தவர் "திரும்ப ஆடுவதன் மகிமை" பற்றிப் பாடம் எடுக்கிறார்.

தென்காசிச் சாரல்:
அழித்துவிட்டாரா? பி.டி.யையா? அண்ணாச்சி, இது நிஜமா?

களக்காட்டு அக்கா:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் தம்பி.

கொக்கிரகுளத்தான்:
அந்தப் பழைய கதையை ஏன் இங்கே கிளறுகிறீர்கள்? திரையில் ஒரே மாதிரிப் படத்தோடு ஏகப்பட்ட கேம் கிடந்தது, எது எதற்கு என்று எழுதியா ஒட்டியிருந்தீர்கள்? கொடுக்கும்போது "அதைத் தொடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? இரவல் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு.

மேலும் பி.டி. என் வாதத்துக்குத்தான் துணை. அதே நடைபாதை, அடுத்த சுற்றில் என்ன மாறும் என்று தெரியாது. அதில் வரும் பேய் லிசா எப்போது பின்னால் நிற்பாள் என்று தெரியாது. "ஒரு தடவைதான்" என்று குழுவில் எழுதியவர், பி.டி. போனதற்கு இத்தனை வருஷமாக ஏன் வருத்தப்படுகிறார்? ஒரு தடவை ஆடியாகிவிட்டதே, அழித்தால் என்ன?

வண்ணார்பேட்டை வாசி:
என் பொருளை நான் அழிப்பது வேறு, நீங்கள் அழிப்பது வேறு.

அம்பைக்காரன்:
சைலன்ட் ஹில் 2-ஐ 2024-இல் புதிதாகச் செய்து வெளியிட்டிருக்கிறார்களே, அதையாவது யாராவது ஆடினீர்களா? அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

கொக்கிரகுளத்தான்:
அப்புறம் பேசலாம் அம்பைக்காரரே. இங்கே ஒரு விஷயம் முடியவில்லை.

தம்பி, ஏலியன் ஐசோலேஷனை நைட்மேர் என்கிற ரொம்பக் கடினமான நிலையில் வைத்து ஆடிப் பாருங்கள். வரைபடம் இல்லை, டிராக்கர் பாதி நேரம் சரியாகக் காட்டாது. அப்போது மேஜைக்கு அடியில் அசையாமல் இருங்கள். ஏலியன் உங்கள் எதிரிலேயே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, வாலை இழுத்துக்கொண்டு போவதை உங்கள் கண்ணால் பார்ப்பீர்கள். இடம் தெரிந்த மிருகம் எதற்குச் சுற்றிப் பார்க்க வேண்டும்? அதற்குத் தெரியாது. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்.

வண்ணார்பேட்டை வாசி:
இத்தனை மேஜை இருக்கிற நிலையத்தில் சரியாக என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றதே, அதை யார் சொல்லிக்கொடுத்தது? தெரியும் அண்ணாச்சி. நன்றாகவே தெரியும். பி.டி.க்கு இன்னும் பதில் வரவில்லை.